சுவரில் இட்ட புள்ளி
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘வடிவமும் வண்ணமும்’ என்பதாகும். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், “நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தேறவேண்டும், பட்டம் பெறவேண்டும், பணித் தேர்வு எழுதவேண்டும். இத்தனையும் கிடக்க ஓவியத்தைப் பற்றி என்ன பேச்சு?” என்று வினவினார். நியாயமான வினாதான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிடியரிசி சேர்ப்பதுபோல் காசு சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கழகம் இது. இங்கே வீண் பேச்சுக்கு இடமில்லை. ஆகவே அந்த நண்பரின் வினாவுக்கு விடை கூறும் முறையிலேயே என் உரையை அமைத்துக்கொள்கிறேன்.

நான் ஓவியன் அல்லன். வரலாறு படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின்முன் நின்றவன். ஓவியத்தைப் பற்றி ஒரு பள்ளி ஆசிரியன் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவே சொல்வேன். அதையும் ஒரே ஓர் ஓவியரை முன்னிறுத்திச் சொல்வேன். அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் ஆளையோ மாட்டையோ மரத்தையோ அப்படியே வரையவில்லை. புள்ளி, கோடு, முக்கோணம், சதுரம், வட்டம் ஆகியவற்றையே வண்ணங்கொண்டு தீட்டினார். நம் பிள்ளைகளின் கணக்கு நோட்டில் இருப்பவை எவையோ, அவையே அவர் கையில் ஓவியமாயின. அவர் பெயர் சையது ஹைதர் ரஸா.

காட்டூர்ப் பள்ளி

ரஸா 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் பாபரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வனத்துறையில் துணை ரேஞ்சராகப் பணியாற்றியவர். நர்மதை பாயும் அம்மாவட்டம் கோண்டுப் பழங்குடி மக்களின் தாயகம். பகலில் அம்மக்களின் சந்தையும் ஆட்டமும், இரவில் காட்டின் இருளும் அச்சமும் அச்சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தன. இதனை அவரே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மலையூரில் பொழுது சாய்ந்தபின் இருள் எப்படி இறங்கும் என்பதை அவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

காக்கையா என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் அச்சிறுவன் படித்தான். பாடத்தில் மனம் நிற்கவில்லை. கண் ஓரிடம், கருத்து ஓரிடம். நந்த்லால் ஜாரியா என்னும் ஆசிரியர் அதனைக் கவனித்தார். பள்ளித் தாழ்வாரத்தின் வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளியை இட்டார். அவனை எதிரே அமரச் செய்து, அந்தப் புள்ளியையே உற்றுப் பார்க்குமாறு பணித்தார். அலைந்த மனம் அங்கே நின்றது. அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ எட்டு.

ஆசிரியப் பெருமக்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கவனம் சிதறும் பிள்ளையை மந்தமென்று முத்திரை குத்திக் கடைசி வரிசைக்கு அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் பழையது. அந்தக் கடைசி வரிசையில் யார் வீட்டுப் பிள்ளைகள் அமர்த்தப்பட்டார்கள் என்பதையும் இந்த அவை அறியும். காக்கையா ஆசிரியரோ பிள்ளையை அப்புறப்படுத்தவில்லை. பார்ப்பதற்கு ஒன்றைக் கொடுத்தார். அதற்கு அவர் கையாண்ட கல்விக் கருவி ஒரு சுவரும் ஒரு புள்ளியும் மட்டுமே.

ஐம்பதாண்டுப் பயணம்

ரஸா நாகபுரி ஓவியப் பள்ளியில் பயின்றார். பின்னர் பம்பாயில் சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். 1947இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழு தோன்றியபோது அதன் நிறுவனர்களுள் ஒருவரானார். அக்குழுவில் உடனிருந்தவர்களையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். எம். எப். உசேன் திரைப்பட விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். கே. எச். ஆரா சிறுவயதிலேயே வீட்டை விட்டு வந்து, பம்பாயில் வீட்டு வேலையாளாக இருந்து உயர்ந்தவர். நவீன ஓவியம் என்றால் செல்வர் வீட்டுக் கூடத்தில் பிறந்தது என்று எண்ணுவோர்க்காகவே இதனைக் கூறுகிறேன்.

தேசப் பிரிவினைக்குப் பின் ரஸாவின் உடன்பிறந்தார் பாகிஸ்தானுக்குச் சென்றனர். அவர் இங்கேயே தங்கினார். 1948இல் காஷ்மீரத்தில், ஹென்றி கார்த்தியே பிரெசோன் என்னும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அவருடைய படங்களைப் பார்த்தார். திறமை இருக்கிறது, கட்டுமானம் போதவில்லை என்று அவர் கருதினார். வீட்டுக்கு அடித்தளமும் சுவரும் தூணும் இருப்பதுபோல் ஓவியத்துக்கும் உண்டு என்று விளக்கி, செசான் என்னும் ஓவியரின் படைப்புகளைக் கற்குமாறு அறிவுரை கூறினார். ரஸா அதனை மனத்திற்கொண்டு பிரெஞ்சு மொழி பயின்றார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று 1950இல் பாரிசு சென்றார். உதவித்தொகை ஒரு வாழ்வை எப்படித் திருப்பும் என்பதை இக்கழகத்தாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுமோ?

1956இல் பாரிசின் கலைத் திறனாய்வாளர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பெயரும் வந்தது, பொருளும் வந்தது. ஆனால் மனநிறைவு வரவில்லை. ஊர்களையும் வீடுகளையும் நிலக்காட்சிகளையும் தீட்டித் தேர்ச்சி பெற்றபின், ‘இவற்றில் என் மண் எங்கே?’ என்னும் ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. 1970களில் அடிக்கடி இந்தியாவுக்கு வந்தார். அஜந்தா, எல்லோரா, இராஜஸ்தானம், குஜராத் எனச் சுற்றினார். 1980ஆம் ஆண்டையொட்டி அவர் திரையில் ஒரு பெரிய கரிய வட்டம் தோன்றியது. அதற்குப் ‘பிந்து’ என்று பெயரிட்டார். பிந்து என்றால் புள்ளி. காக்கையா பள்ளிச் சுவரின் புள்ளி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓவியமாகத் திரும்பி வந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் புள்ளியையே மையமாக வைத்து அவர் ஓயாது தீட்டினார்.

அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்த அவர் 2010இன் இறுதியில் தாயகம் திரும்பினார். 2013இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 2016 ஜூலை 23 அன்று தில்லியில் காலமானார். அவர் விருப்பப்படியே மண்டலாவில் தந்தையாரின் அடக்கத்தருகே அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது. 2023இல் பாரிசின் பொம்பிடு மையம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெருங்காட்சியாக வைத்தது.

இதில் என்ன இருக்கிறது?

அவருடைய ஓவியம் ஒன்றை மனக்கண்ணில் நிறுத்துங்கள். சதுரமான திரை. அதன் நடுவில் அல்லது மேற்பகுதியில் கரிய வட்டம். அதனைச் சுற்றிக் கருமை, சாம்பல், வெண்மை என ஒன்றன்பின் ஒன்றாக வளையங்கள். கீழே சிவப்பும் மஞ்சளும் நீலமும் பட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கும். சில படங்களில் மேல்நோக்கிய முக்கோணமும் கீழ்நோக்கிய முக்கோணமும் ஒன்றையொன்று ஊடுருவும். வேறு சிலவற்றில் கரிய விதையிலிருந்து வேர்கள் நெளிந்து மண்ணுக்குள் இறங்கும். நிலம், நீர், தீ, காற்று, விண் என்னும் ஐம்பூதங்களுக்கு அவர் வண்ணங்களை வகுத்துக்கொண்டார்.

இதனைக் கண்டவுடன், “ஒரு வட்டம் இருக்கிறது, இதில் என்ன பெரிய ஓவியம்? நான்கூட வரைவேனே!” என்று சொல்லத் தோன்றும். அதற்கு நம் வாழ்விலிருந்தே ஒரு விடை இருக்கிறது. பறை முழங்குவதைக் கேட்கிறோம். அதில் சொல் இல்லை, கதை இல்லை, உருவம் இல்லை. ஆனால் தொலைவில் கேட்கும் அடியை வைத்தே அது சாவா, திருமணமா, திருவிழாவா என்று நம் பாட்டன்மார் கூறிவிடுவார்கள். ஓசையின் இடைவெளியும் விரைவும் அழுத்தமுமே அங்குப் பொருளாகின்றன. சொல் இல்லாத பறையை விளங்கிக்கொண்ட மக்களுக்கு உருவம் இல்லாத ஓவியம் விளங்காமற் போகாது. வளையங்களுக்கு இடையே உள்ள தூரம், ஒரு நிறத்தை அடுத்து மற்றொரு நிறம் வரும் முறை, கனமான கருமையைத் தாங்கும் மெல்லிய மஞ்சள் பட்டை ஆகியவையே ஓவியத்தின் தாளக்கட்டு. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவசரமின்றிச் சற்று நேரம் நின்று பார்க்கவேண்டும்.

இவ்வகை ஓவியம் உலகில் பல இடங்களில் தோன்றியது. உருசிய நாட்டு மாலெவிச் 1915இல் ஒரு கருஞ்சதுரத்தை மட்டும் வரைந்து காட்சிக்கு வைத்தார். டச்சு நாட்டு மோந்திரியான் கிடைக்கோடும் நெடுங்கோடும் முதன்மையான மூன்று நிறங்களும் கொண்டு தீட்டினார். நம் சென்னையிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவருடைய தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அவர் 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் புகழ்பெற்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுகோலாக இருந்தது எது தெரியுமா? ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! எண்களும் எழுத்துகளும் வடிவ கணிதக் கோடுகளும் நிறைந்த அப்பக்கங்களில் அவர் ஓர் ஓவியத்தைக் கண்டார். நாம் நாள்தோறும் சிவப்பு மையால் திருத்தி மூடிவைக்கும் நோட்டு அது.

கருமையின் பெருமை

அடுத்து வண்ணம். ரஸாவின் படைப்பில் கருமை தாய் நிறம். எல்லா நிறங்களும் அதிலிருந்தே பிறந்து அதிலேயே சென்று சேர்கின்றன என்பது அவர் கொள்கை. வண்ணக் குழம்புகளைக் கலந்து பார்த்தவர்கள் இதனை ஓரளவு அறிவார்கள். சிவப்பையும் மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துக் குழைத்தால் அது கருமையை நோக்கியே செல்லும்.

இவ்விடத்தில் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் ஷெவ்ரல் என்பவரின் ஆய்வைக் கூற விரும்புகிறேன். அவர் பாரிசில் கோப்லான் என்னும் அரசு நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். நீலத் துணியின் நிழலுக்கென்று நெய்யும் கருப்பு நூல் வலுவின்றி வெளிறித் தெரிகிறது என்று நெசவாளர் முறையிட்டனர். அவர் கருப்புச் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறை ஒன்றும் இல்லை. அருகிலிருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அவ்வாறு தோன்றச் செய்தன. ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பது அதன் அண்டையில் உள்ள நிறத்தைப் பொறுத்தது என்று நிறுவி, 1839இல் ஒரு பெருநூலை அவர் வெளியிட்டார். இதனை எந்த வகுப்பறையிலும் செய்து காட்டலாம். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றைக் கருப்புத் தாளின்மேலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின்மேலும் ஒட்டுங்கள். கருப்பின்மேல் உள்ளது வெளுப்பாகவும், வெள்ளையின்மேல் உள்ளது கறுப்பாகவும் தெரியும். துண்டு ஒன்றுதான், சூழல்தான் வேறு.

இந்தப் பாடத்தின் உட்பொருளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளிடம் குறை கண்டு கூறியவர்கள் நூலைச் சோதித்தார்களா, அருகே நெய்த துணியைச் சோதித்தார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மற்றொன்றையும் சொல்கிறேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சில் பெட்டியைக் கொடுத்து ‘உன் படத்தை வரை’ என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியில் வெளிறிய இளஞ்சிவப்புப் பென்சில் ஒன்று இருக்கும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘தோல் நிறம்’. கருத்த கையால் அதை எடுத்து, தன் முகத்துக்கு அந்நிறத்தைத் தீட்டும் குழந்தையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். யாருடைய தோலின் நிறம் அது? அக்குழந்தைக்கு நாம் அறிவுரை கூற வேண்டாம். கரிய வட்டம் நடுநாயகமாக நிற்க, மற்ற நிறங்களெல்லாம் அதனைச் சூழ்ந்து நிற்கும் ஓர் ஓவியத்தைக் காட்டினால் போதும்.

நம்மிடம் உள்ளவை

வடிவம் நமக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைக்குச் சென்றால், பாறைகளில் செங்காவி கொண்டு தீட்டிய உருவங்களையும் குறியீடுகளையும் இன்றும் காணலாம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி மரத்தின்மேல் உளியை வைக்குமுன் தாளில் கோடு போடுகிறார், அளவு பிரிக்கிறார். வடிவ கணிதம் தெரியாமல் அத்தொழில் நடவாது. மலையில் சாமையும் கேழ்வரகும் அடிக்கும் களத்தை வட்டமாக மெழுகுகிறார்களே, அதற்கு யாரும் காம்பசு கொடுக்கவில்லை.

நம் தாய்மார்கள் வாசலில் இடும் கோலத்தை எண்ணுங்கள். அங்கும் முதலில் தோன்றுவது புள்ளி. வரிசை தவறாமல் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு வளைத்துச் செல்கிறார்கள். ஒற்றைக் கோட்டுக் கோலமாயின், தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வரவேண்டும். ஒரு புள்ளிகூட வெளியே விடுபடக் கூடாது. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தவர்களும் கோலங்களைக் கணிதமாக ஆராய்ந்து, அவற்றுக்கு இலக்கணம் வகுக்க முடியும் என்று காட்டினார்கள். கணினி அறிவியலில் இன்று அவ்வாய்வுகள் மதிக்கப்படுகின்றன. பள்ளி வாசலை மிதியாத பெண்களின் விரல் நுனியில் அந்த இலக்கணம் இருந்திருக்கிறது.

வடிவம் யாருடையது?

இங்கே ஓர் ஐயம் எழலாம். பிந்து, யந்திரம் முதலியன கோயிற் சடங்கோடும் வடமொழி நூல்களோடும் சேர்ந்தவை அல்லவா? கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்கு அவற்றோடு என்ன உறவு? இதுவும் நேர்மையான ஐயமே. ரஸா அந்நூல்களின் சொற்களை விரும்பி எடுத்துக்கொண்டார். அது அவர் தேர்வு. நமக்கு அச்சொற்கள் வேண்டியதில்லை. வட்டத்தை எந்தக் குலத்தாரும் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றிலும் திங்களிலும், மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்களிலும், பறையின் முகத்திலும் அது இருக்கிறது. இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து, காட்டூர்ப் பள்ளியில் படித்த ஒருவர் பிந்துவைத் தமதாக்கிக்கொண்டார் என்பதே, வடிவத்துக்குத் தீண்டாமை இல்லை என்பதற்குச் சான்று.

ஆனால் கோடு கிழிப்பவர் யார் என்பது முக்கியம். நம் ஊர்களில் ஊரையும் சேரியையும் பிரித்தவை கோடுகளே. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்றுதான் இடித்துப் பாதை விட்டார்கள். பிறர் கிழித்த கோட்டுக்கு இப்பால் நின்ற மக்களின் பிள்ளைகள், தாமே கோடு வரையும் உரிமையைப் பெறவேண்டும். ஓவியக் கல்வியை நான் அவ்வாறே காண்கிறேன்.

இதிலும் நாம் விழிப்பாக இருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரஸா பிறந்த அதே மண்டலா மாவட்டத்தில், பின்னர் திண்டோரி மாவட்டமாகப் பிரிந்த பகுதியில், பாட்டன்கட் என்னும் சிற்றூரில் ஜங்கர் சிங் ஷியாம் என்னும் பர்தான் கோண்டு இளைஞர் இருந்தார். 1981இல், போபாலில் பாரத் பவன் கலைக்கூடத்தை அமைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர் வீட்டுச் சுவரோவியத்தைக் கண்டு அவரை அழைத்துச் சென்றனர். ஆயிரமாயிரம் புள்ளிகளால் விலங்கையும் மரத்தையும் தெய்வத்தையும் நிரப்பி அவர் தீட்டினார். ஒரு புதிய ஓவிய மரபே அவர் பெயரால் வழங்குகிறது. 1989இல் அவருடைய படைப்புகள் பாரிசின் பெருங்காட்சியில் இடம்பெற்றன. ஆனால் 2001இல், சப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காகப் பணி செய்யச் சென்ற இடத்தில், குடும்பத்தை விட்டுத் தொலைவில், நாற்பது வயதை எட்டும் பருவத்திலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ரஸாவோ தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். 1989இல் ரஸா தீட்டிய ஓர் ஓவியம் 2023இல் மும்பை ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று.

ஒரே காட்டின் இரு புள்ளிகள். ஒருவரைக் கலைஞர் என்று உலகம் தயக்கமின்றி ஏற்றது. மற்றவரை நெடுங்காலம் பழங்குடிக் கலைஞர் என்னும் அடைமொழியோடு மட்டுமே ஏற்றது. ரஸாவுக்குப் பள்ளியும் கல்லூரியும் உதவித்தொகையும் பிற மொழியும் கிடைத்தன. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், வேண்டாம் என்று மறுக்கவும், தம் படைப்புக்குத் தாமே பொருள் கூறவும் அவை அவருக்குத் துணை நின்றன. கைத்திறனை மட்டும் வளர்த்துக் கல்வியை விட்டுவிட்டால் நம் பிள்ளைகள் பிறர் காட்சிக்கூடத்தின் வேலையாட்களாகவே இருப்பார்கள். கல்வியை மட்டும் கொடுத்துக் கண்ணையும் கையையும் கட்டிவிட்டால் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவர்களாக இருப்பார்கள். இரண்டும் சேரவேண்டும். என் நண்பரின் வினாவுக்கு இதுவே என் விடை.

செய்ய வேண்டுவன

பேச்சோடு நில்லாமல் சில வேண்டுகோள்களை இக்கழகத்தின்முன் வைக்கிறேன்.

முதலாவது, ஓவியப் பாடவேளை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். ஓர் ஆசிரியர் வாரத்தில் சில அரைநாட்களே ஒரு பள்ளியில் இருக்கும் நிலையில், அந்தச் சிறு பொழுதையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தனியார் பள்ளிகளில் கட்டணம் செலுத்தி ஓவியம் கற்பிக்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு அது வேண்டாத பொருள் என்று ஒதுக்குகிறோம். பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதனைக் கேட்கவேண்டும்.

இரண்டாவது, நம் கையில் ஏற்கெனவே உள்ள கருவிகள். அரசு விலையின்றி வழங்கும் கணித உபகரணப் பெட்டியில் கவராயமும் மூலைமட்டமும் கோணமானியும் உள்ளன. ரஸாவின் வடிவங்களுக்கு இவற்றுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. கழகம் நடத்தும் மாலைநேரப் பயிற்சி வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ‘ஒரு வட்டம், ஒரு முக்கோணம், மூன்று நிறம், இவற்றைக்கொண்டு மழையை வரை, பசியை வரை, திருவிழாவை வரை’ என்று சொல்லுங்கள். அதன்பின் அதே பிள்ளைகளுக்கு வட்டத்தின் பரப்பளவைக் கற்பியுங்கள். வடிவத்தோடு பழகிய கை சூத்திரத்தைக் கண்டு அஞ்சாது.

மூன்றாவது, சுவர். நம் கழகக் கட்டடத்தில் ஒரு சுவரைப் பிள்ளைகளுக்கு என்று விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடித்து, மீண்டும் அவர்களிடமே கொடுங்கள்.

நான்காவது, மேற்படிப்பு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. மாமல்லபுரத்தில் அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே பட்டப்படிப்பில் சேரலாம். ‘என்ன படிக்கலாம்’ என்று நாம் வழங்கும் வழிகாட்டி அட்டையில் பொறியியலும் செவிலியமும் ஆசிரியப் பயிற்சியும் உள்ளன. இவையும் இடம்பெறட்டும். விருப்பமுள்ள மாணவர் பத்துப் பேரை ஆண்டுதோறும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் சோழமண்டலத்துக்கும் அழைத்துச் செல்ல ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். நூலில் காணும் படத்தின் முன் நிற்பதும், திரையில் தீட்டிய வண்ணத்தின் முன் நிற்பதும் ஒன்றல்ல.

அவையோரே, இவற்றால் நம் பிள்ளைகள் எல்லோரும் ஓவியர் ஆகிவிட மாட்டார்கள், ஆகவேண்டியதுமில்லை. அவர்களுள் ஒருவர் மருத்துவராகலாம், ஒருவர் வழக்கறிஞராகலாம், ஒருவர் பேருந்து ஓட்டலாம். ஆனால் ஒரு பொருளின்முன் அமைதியாக நின்று, தம் கண்ணால் பார்த்து, தம் அறிவால் மதிப்பிட்டு, தம் வாயால் கருத்துச் சொல்லும் ஆற்றல் எல்லோர்க்கும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக ‘உனக்கென்ன தெரியும்’ என்று கேட்கப்பட்ட மக்களுக்கு அது மிக மிக வேண்டும்.

நம் எழுத்தையே பாருங்கள். மேலே ஒரு புள்ளி வைத்தால் மெய். எடுத்துவிட்டால் ஒலியும் பொருளும் வேறு. அத்துணைச் சிறியது, அத்துணை வலியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தொடங்கியவர்கள் ஒரு வாடகை அறையும் ஒரு விளக்குமாகத்தான் தொடங்கினார்கள் என்று இம்மேடையில் கேட்டோம். அதைச் சுற்றி இன்று எத்தனை வளையங்கள் விரிந்துள்ளன என்பதற்கு இந்த அவையே சான்று. அடுத்த வளையத்தை நம் பிள்ளைகள் தாங்கள் விரும்பும் வண்ணத்தில் வரையட்டும்.